பல்லைக் கடித்தே பாரம் தூக்கும் பம்ப்!

உங்களுக்குத் தெரியுமா? கியர் பம்புக்குள் சுற்றுவது இரண்டே இரண்டு பல்சக்கரம். எண்ணெயை உள்ளே விட ஒரு வால்வு, வெளியே விட ஒரு வால்வு? கிடையாது. பிஸ்டன்? அதுவும் கிடையாது. அசையும் பாகங்களை விரல் விட்டு எண்ணினால், மொத்தமே 2!

முதல் கேள்வியிலேயே உங்களை மடக்குகிறேன், பாருங்கள். இரண்டு சக்கரமும் பல்லோடு பல் கோத்துச் சுற்றுகின்றன. எண்ணெய் எந்த வழியாகப் போகும்? கரும்பு ஜூஸ் மெஷினில் கரும்பு போகிற மாதிரி நடுவில் புகுந்து போகும் என்றுதானே நினைத்தீர்கள்? தப்பு! நடு வழி அடைப்பு. எண்ணெய் போவது ஓரமாக, சுவரை ஒட்டி!

ஒவ்வொரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் ஒரு குட்டிப் பள்ளம். அந்தப் பள்ளம்தான் வாளி. சக்கரம் சுற்றச் சுற்ற, வாளி எண்ணெயை மொண்டு சுவரோரமாகவே தூக்கிப்போய் அந்தப் பக்கம் கொட்டுகிறது. திரும்பி வரும்போது எதிர்ப் பல் வந்து வாளிக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது. எண்ணெய் திரும்பி வர இடமே இல்லை!

12 பல் வீதம் இரண்டு சக்கரம். நிமிடத்துக்கு 1,500 சுற்று. கணக்குப் போட்டுவிட்டோம். ஒரே நிமிடத்தில் 36,000 வாளி! கிணற்றடியில் நின்று இறைத்திருந்தால் கை என்ன ஆகியிருக்கும்?

ஒரு சுற்றுக்கு 16 மில்லி தள்ளும் பம்ப், உள்ளங்கைக்குள் அடங்குகிற பல்சக்கரங்களோடு வருகிறது. 16 மில்லி என்றால் மூன்று டீஸ்பூன். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். 1,500 ஆர்.பி.எம்.மில் அது நிமிடத்துக்கு 24 லிட்டர். ஒரு நாள் முழுக்க ஓடினால் 34,560 லிட்டர். கிட்டத்தட்ட மூன்று பெரிய டேங்கர் லாரி!

சாதாரண கார் டயரில் காற்று 33 பி.எஸ்.ஐ. நல்ல ஹைட்ராலிக் கியர் பம்ப் தரும் அழுத்தம் 250 பார். டயரைப் போல எத்தனை மடங்கு? 110!

அந்த 250 பார் அழுத்தம் தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும்? சுமார் 2,550 மீட்டர். ஊட்டி இருப்பது ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில். அதாவது, கடற்கரையில் தள்ளினால் ஊட்டியையும் தாண்டி ஏறும் அழுத்தம் அது!

200 பார் எண்ணெயை 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டருக்குள் விட்டால் என்ன எடையைத் தூக்கும்? 16 டன்! நாலு டன் யானையாக நாலு யானையை வரிசையாக நிறுத்தலாம். தூக்குவது சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்ன வட்டம்!

ஆகாயம் பார்த்தவர் போட்ட ஸ்கெட்ச்!

கோள்கள் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609-ல் உலகுக்குச் சொன்னவர் யோஹன்னஸ் கெப்ளர். பள்ளிக்கூடத்தில் அவருடைய மூன்று விதிகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதே கெப்ளர், 1600-களின் தொடக்கத்தில் கியர் பம்ப் ஒன்றையும் வடிவமைத்தார். பாடப்புத்தகம் இதை மட்டும் சொல்லவே இல்லையே!

எதற்காக வடிவமைத்தார்? சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க. கண் வானத்தில், கவனம் பாதாளத்தில்!

கெப்ளர் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? இந்த பம்புக்கு வால்வே வேண்டாம் என்பதுதான். நானூறு வருடம் ஓடிவிட்டது. இன்னும் வால்வு வரவில்லை!

அமெரிக்காவின் அயோவா மாநிலம். டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்த ஜென்ஸ் நீல்சன் என்பவரின் சுண்ணாம்புக்கல் குவாரியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மனிதர் சலித்துப்போய் 1904-ல் ஒரு பம்பைக் கண்டுபிடித்தார். சக்கரத்துக்குள் சக்கரம்! அதுதான் இன்று உலகம் முழுக்க ஓடும் இன்டர்னல் கியர் பம்ப்.

1911-ல் அந்த பம்புக்காகவே ஒரு கம்பெனி பிறந்தது. டென்மார்க்காரர் ஆயிற்றே, கடலோடிகளான தம் முன்னோர் பெயரையே வைத்தார்கள். வைகிங் பம்ப்! நூறு வயதைத் தாண்டியும் கம்பெனி கம்பீரமாக இருக்கிறது.

இண்டியானா மாநிலத்து கானர்ஸ்வில் ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் இருவர். கம்பளி ஆலை நடத்தினார்கள். ஆலையை ஓட்ட நல்ல தண்ணீர்ச் சக்கரம் வேண்டும் என்று இரண்டு மர உருளைகளைக் கோத்துச் செய்தார்கள். மரம் தண்ணீரில் ஊறி உப்பி, சிக்கிக்கொண்டது! காயவைத்துச் சும்மா சுற்றிப் பார்த்தால், மறுபக்கம் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. 1860-ல் பேட்டன்ட்! தண்ணீருக்கு வைத்த குறி, காற்றில் விழுந்தது.

அந்த ரூட்ஸ் புளோயர்தான் பின்னாளில் ரேஸ் கார் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜராக அவதாரம் எடுத்தது. கம்பளி ஆலையில் புறப்பட்டது, ரேஸ் டிராக்கில் போய் நின்றது!

இப்போது சிரியுங்கள். கெப்ளருக்குத் தண்ணீர்ப் பிரச்னை. நீல்சனுக்குத் தண்ணீர்ப் பிரச்னை. ரூட்ஸ் சகோதரர்களுக்கும் தண்ணீர். ஆனால் இன்றைய கியர் பம்புக்கு அவ்வளவாகப் பிடிக்காத திரவம் எது தெரியுமா? அதே தண்ணீர்தான்!

காரணம் வெட்டவெளிச்சம். தண்ணீருக்குப் பிசுபிசுப்பு ரொம்பக் குறைவு. இடுக்கு கிடைத்தால் நழுவி ஓடிவிடும். எண்ணெய் மாதிரி பல்லுக்கு வழுவழுப்பும் தராது. கியர் பம்புக்கு வேண்டியது கொழகொழ ஆசாமிகள்!

சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பில் திரவம் கெட்டியாக ஆக, வேலை படுத்துவிடும். கியர் பம்பில் தலைகீழ்! திரவம் கொஞ்சம் கெட்டியானால் கசிவு குறைகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைக்கும் அளவு கூடுகிறது. நீர்மோரைவிடத் தேனை நன்றாகத் தள்ளும் விநோதப் பிறவி!

தண்ணீரின் பிசுபிசுப்பை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் கியர் பம்புகள் எதுவரை சமாளிக்கும்? 10 லட்சம்!

பல் வரிசையில் இத்தனை ரகமா!

ரகம் ஒன்று: எக்ஸ்டர்னல். ஒரே அளவில் இரண்டு சக்கரம், தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். மோட்டார் சுற்றுவது ஒன்றைத்தான். அது பல்லால் தள்ள, அடுத்தது சும்மா கூடவே சுற்றும். சம்பளம் ஒருவருக்கு, வேலை இருவருக்கு!

ரகம் இரண்டு: இன்டர்னல். பெரிய வளையத்தின் உள்பக்கம் பல். அதற்குள் ஒரு சின்னச் சக்கரம், ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடத்தில் ஓர் இரும்புப் பிறைநிலா! ஆமாம், அச்சு அசல் மூன்றாம் பிறை வடிவம். சுற்றுவதெல்லாம் சுற்ற, நிலா மட்டும் நகராது!

அந்த நிலாவும் நகரும் ரகம் உண்டு. ஷாஃப்டை வலப்பக்கம் சுற்றினாலும் சரி, இடப்பக்கம் சுற்றினாலும் சரி, எண்ணெய் ஒரே வாசலில்தான் வரவேண்டுமா? சில பம்புகளில் பிறை அரை வட்டம் திரும்பி இடம் மாறிக்கொள்கிறது. நிலாவுக்கே டிரான்ஸ்ஃபர்!

ரகம் மூன்று: ஜெரோட்டர். பிறை கூடக் கிடையாது! உள்சக்கரத்தில் 4 பல் என்றால் வெளிவளையத்தில் 5. உள்ளே 6 என்றால் வெளியே 7. எப்போதும் ஒரே ஒரு பல்தான் வித்தியாசம். அந்த ஒரு பல் வித்தியாசத்தில்தான் மொத்த பம்பும் பிழைப்பு நடத்துகிறது!

உள்ளே 4, வெளியே 5 பல் உள்ள ஜெரோட்டரில், உள்சக்கரம் 5 சுற்றுச் சுற்றி முடிக்கும்போது வெளிவளையம் முடிப்பது 4. ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும், ஆனால் பிரியவே பிரியாது!

நான்காவதாக ஒரு நெருங்கிய சொந்தம்: லோப் பம்ப். இதற்குப் பல்லே இல்லை. எட்டு போட்ட மாதிரி, இல்லையென்றால் மூன்று இதழ்ப் பூ மாதிரி இரண்டு உருளைகள். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை! வெளியில் தனியாக இருக்கும் இரண்டு கியர்கள் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்கின்றன.

தொடாமலே சுற்றுவதால் என்ன லாபம்? முழு செர்ரிப் பழத்தை இந்தப் பக்கம் போட்டால், நசுங்காமல் அந்தப் பக்கம் வரும்! பழக்கூழ், பால்பொருள் ஆலைகளில் லோப் பம்புக்குத் தனி மரியாதை.

பல் நேராக இருந்தால் ஸ்பர். சாய்ந்திருந்தால் ஹெலிகல். சாய்ந்த பல் ஒரேயடியாக மோதாமல் வழுக்கிக்கொண்டு கோப்பதால், சத்தம் சட்டென்று குறையும். கொஞ்சம் சாய்ந்தாலே சமாதானம்!

ஆனால் சாய்ந்த பல்லுக்கு ஒரு கெட்ட பழக்கம். சக்கரத்தையே ஒரு பக்கமாகத் தள்ளும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். வலப்பக்கம் சாய்ந்த பல்லையும் இடப்பக்கம் சாய்ந்த பல்லையும் மீன் முள் மாதிரி ஒரே சக்கரத்தில் சேர்த்தார்கள். இரண்டு தள்ளலும் மோதிக்கொண்டு, மிச்சம் பூஜ்யம்!

அந்த மீன்முள் பல்லை நீங்கள் ரோட்டில் பார்த்திருக்கிறீர்கள். சிட்ரோயன் காரின் முகப்பில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்துவைத்த இரண்டு ‘வி’ இருக்கிறதே? அது பறவையும் இல்லை, அம்பும் இல்லை. கியர் பல்! 1900-ல் போலந்து போன ஆந்த்ரே சிட்ரோயன் அங்கே பார்த்த பல்சக்கரம்தான் பின்னாளில் லோகோ ஆனது. அந்தப் பல் முத்திரையோடு கார்கள் இப்போது நம் திருவள்ளூரிலிருந்தே புறப்படுகின்றன!

கியரின் பல் வளைவு சும்மா கையால் இழுத்த கோடு இல்லை. நூல்கண்டிலிருந்து நூலை இறுக்கமாகப் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். நூல் முனை காற்றில் வரைகிறதே ஒரு வளைவு, அதுதான்! இந்த வளைவைப் பல்லுக்குப் பொருத்தலாம் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னவர் கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர். பிற்காலத்தில் பார்வை போன பிறகும் கணக்கை நிறுத்தாத மனிதர்!

பல்சக்கரம் மனிதனின் கண்டுபிடிப்பு என்று மார்தட்டுகிறீர்களா? நிறுத்துங்கள். ஐரோப்பியத் தோட்டங்களில் தத்தும் இஸஸ் என்ற குட்டிப் பூச்சியின் பின்னங்கால்களில் நிஜமான கியர் இருக்கிறது! கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2013-ல் படம் பிடித்துக் காட்டினார்கள். ஒரு காலுக்கு எத்தனை பல்? 10 முதல் 12. நம் ஹைட்ராலிக் பம்புக்கு வைக்கிற அதே கணக்கு!

எதற்கு அந்த கியர்? குதிக்கும்போது இரண்டு காலும் ஒரே நேரத்தில் உதைக்க. இரண்டு காலுக்கும் நேர வித்தியாசம் எவ்வளவு? ஒரு விநாடியில் 10 லட்சத்தில் 30 பங்கு. அவ்வளவு துல்லியம்! பூச்சி பெரியதானதும் கடைசியாகத் தோல் உரிக்கிறது. கியர் காணாமல் போய்விடுகிறது!

எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

மணல் ஏற்றிய டிப்பர் லாரி தொட்டியை நிமிர்த்திக் கொட்டுகிறதே, தூக்குவது யார்? கியர்பாக்ஸோடு பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப்) என்ற இணைப்பு வழியாக இணைந்த ஒரு கியர் பம்ப். பல்லைக் கடித்துக்கொண்டு பல டன்னைத் தூக்குகிறது. நிஜமாகவே பல்லைக் கடித்துக்கொண்டு!

தெருவில் குப்பையை அமுக்கி விழுங்கும் காம்பேக்டர் லாரி, குடோனில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட், வயலில் கலப்பையைத் தூக்கி இறக்கும் பல டிராக்டர்கள். எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் இதே இரண்டு சக்கரம்!

பவர் ஸ்டீயரிங் உள்ள டிராக்டர் நடு வயலில் நின்றுவிட்டது. இன்ஜின் செத்துவிட்டது. ஸ்டீயரிங் திரும்புமா? பல டிராக்டர்களில் திரும்பும்! ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் ஜெரோட்டர், உங்கள் கை வலுவிலேயே எண்ணெய் தள்ளும் கைப்பம்பாக மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் மோட்டார் நீங்கள்தான்!

உங்கள் பைக், கார் இன்ஜினுக்குள்ளும் ஒரு பம்ப் உண்டு. பெரும்பாலும் ஜெரோட்டர் அல்லது கியர். ஆயில் சேம்பரிலிருந்து எண்ணெயை எடுத்து மேலே பேரிங் பேரிங்காக ஊட்டுவது அதுதான். அது நின்றால் உலோகம் உலோகத்தோடு உரசி, இன்ஜின் சீஸ்!

டேஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்பு லைட் எரிந்தால், பூதம் வராது. மெக்கானிக் பில் வரும்! அது ஆயில் பிரஷர் போய்விட்டது என்கிற எச்சரிக்கை. வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள்!

முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகளை அண்ணாந்து பாருங்கள். பல காற்றாலைகளில் உச்சியில் பெரிய கியர்பாக்ஸ் உண்டு. அதற்கு எண்ணெய் ஊட்டும் பம்ப் எது? பெரும்பாலும் கியர் பம்ப்தான். கியருக்குச் சோறு ஊட்டுவதும் கியரே!

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருப்பது எண்ணெய் என்று தெரியும். அந்த எண்ணெய் அழுக்கானால் வடிகட்ட ஒரு வண்டி வரும். வண்டிக்குள் எண்ணெயை இழுத்துத் தள்ளுவது யார் என்று இனி நான் சொல்ல வேண்டுமா?

நீங்கள் உடுத்தியிருக்கும் பாலியஸ்டர் சட்டை கியர் பம்புக்குள் புகுந்து வந்தது! சுமார் 280 டிகிரி சூட்டில் உருகிய பாலியஸ்டரை, பொடிப் பொடி ஓட்டைகள் வழியாகப் பிதுக்கி நூலாக்குகிறார்கள். அளந்து தள்ளுவது ஸ்பின்னிங் பம்ப் என்னும் கியர் பம்ப். அளவு பிசகினால் நூல் ஓரிடத்தில் பருமன், ஓரிடத்தில் மெலிசு!

அந்தச் சூட்டில் பம்புக்கு எண்ணெய் போடுவது யார்? யாரும் இல்லை! உருகிய பாலியஸ்டரே மசகு. தள்ளும் சரக்கே தடவும் எண்ணெய்!

சாக்லேட் ஆலையிலும் இந்த பம்ப்தான். வெளியே வெந்நீர் ஓடும் ஒரு சட்டை மாட்டியிருப்பார்கள். சூடு ஆறினால் உள்ளே உறைந்து, பம்பே ஒரு சாக்லேட் பார் ஆகிவிடும்!

தார் எவ்வளவு கெட்டி? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் பிட்ச் என்ற தார் வகையை ஒரு புனலில் ஊற்றினார்கள். சொட்டட்டும் என்று 1930-ல் புனலின் அடியைத் திறந்தார்கள். 2014 வரை விழுந்தது எத்தனை சொட்டு தெரியுமா? 9!

அதன் சொந்தக்காரரான ரோடு போடும் தாரைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடேற்றிக் கொடுங்கள். கியர் பம்ப் அதைக் குழாயில் ஓட ஓட விரட்டும்! பம்பும் சூடாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

சிறுநீரகம் செயலிழந்தவர்களைக் காப்பாற்றும் டயாலிசிஸ் மெஷின்கள் பலவற்றில் குட்டி கியர் பம்ப் உண்டு. சுத்திகரிக்கும் திரவத்தை வழக்கமாக நிமிடத்துக்கு 500 மில்லி தள்ளும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர்!

ஆனால் ரத்தத்தை மட்டும் கியர் பம்பிடம் கொடுக்க மாட்டார்கள். பல் இடுக்கில் ரத்த அணுக்கள் நசுங்கிவிடும்! ரத்தத்துக்கு, குழாயை வெளியிலிருந்து நீவித் தள்ளும் ரோலர் பம்ப். ஒரே மெஷினுக்குள் இரண்டு பம்ப், இரண்டு குணம்!

விமானத்தில் பறந்திருக்கிறீர்களா? ஜெட் இன்ஜின்கள் பலவற்றில் எரிபொருளை உயர் அழுத்தத்தில் தள்ளுவது கியர் பம்ப்தான். அங்கேயும் எரிபொருளே மசகு. மேகத்துக்கு மேலேயும் பல்லோடு பல்!

பம்பைத் தலைகீழாக்கினால்? ஷாஃப்டைச் சுற்றி எண்ணெயைத் தள்ளாமல், எண்ணெயைத் தள்ளி ஷாஃப்டைச் சுற்ற வைத்தால்? அது கியர் மோட்டார்! சுற்றுகளை மட்டும் எண்ணினால்? அது எண்ணெய் அளக்கும் மீட்டர்! ஒரே குடும்பத்தில் மூன்று உத்தியோகம்.

ஷாஃப்ட் உள்ளே நுழைய ஓட்டையே இல்லாத கியர் பம்பும் இருக்கிறது. வெளியே ஒரு காந்தம், உள்ளே ஒரு காந்தம், நடுவில் மூடிய சுவர். வெளிக் காந்தம் சுற்ற, உள்காந்தம் கூடவே சுற்றும். ஒழுகுவதற்கு ஆயில் சீலே இல்லை!

குணம் கொஞ்சம் விபரீதம்!

கியர் பம்ப் உறிஞ்சுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த பம்பும் உறிஞ்சுவதில்லை! பல் பிரியும் இடத்தில் காலி இடம் உண்டாகிறது. வெளியில் இருக்கும் காற்று மண்டலம் திரவத்தை உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் எப்பேர்ப்பட்ட பம்பாலும் தண்ணீரைக் கீழிருந்து 10.3 மீட்டருக்குமேல் இழுக்க முடியாது!

பல்லுக்கும் பம்பின் சுவருக்கும் இடைவெளி எவ்வளவு? நல்ல ஹைட்ராலிக் பம்பில் 10 மைக்ரான் கணக்கு. உங்கள் தலைமுடியை எடுத்து நீளவாக்கில் ஏழாகப் பிளந்தால், அதில் ஒரு இழை!

அப்படியானால் ஒரு பொடி மணல் உள்ளே போனால்? அரிசியில் கிடந்த கல்லைக் கடித்த கதைதான். பல்லில் கீறல், சுவரில் கீறல், அழுத்தம் அம்பேல். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே பல் போனால் பிரஷர் போச்சு!

புது பம்பை முதன்முறை அழுத்தத்தில் ஓட்டும்போது என்ன நடக்கிறது தெரியுமா? எண்ணெய் அழுத்தம் சக்கரங்களை, எண்ணெய் உள்ளே வரும் சக்‌ஷன் பக்கம் சாய்க்கிறது. பல் நுனி அலுமினியச் சுவரை இழை இழையாகச் சீவி, தனக்கு வேண்டிய அளவுக்குத் தானே இடம் செய்துகொள்கிறது. தன் வீட்டுச் சுவரைத் தானே செதுக்கும் பம்ப்!

கொஞ்சமும் கசியாத கியர் பம்ப்தான் சிறந்தது என்று நினைக்கிறீர்களா? அது சீக்கிரமே செத்துவிடும்! உள்ளுக்குள் கசியும் அந்தக் கொஞ்சம் எண்ணெய்தான் புஷ்களுக்கும் பக்கத் தட்டுகளுக்கும் மசகு. உயிர் போகாமல் காப்பதே கசிவுதான்.

அழுத்தம் ஏறினால் கசிவும் எக்கச்சக்கமாக ஏற வேண்டுமே? இல்லை! பம்ப் தள்ளும் எண்ணெயிலேயே ஒரு பங்கைப் பக்கத் தட்டுகளுக்குப் பின்னால் அனுப்புகிறார்கள். அழுத்தம் ஏற ஏற, தட்டு சக்கரத்தோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அடிக்க அடிக்க இறுகும் பிடி!

டெலிவரி வழியை மூடிவிட்டு கியர் பம்பை ஓட விட்டால்? அதற்கு நிற்கத் தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்ததைத் தள்ளியே தீரும். ஹோஸ் பிய்யலாம், ஷாஃப்ட் முறியலாம், மோட்டார் திணறி நிற்கலாம். அதனால்தான் பக்கத்தில் எப்போதும் ஒரு ரிலீஃப் வால்வு. பிடிவாதக்காரருக்குத் துணைக்கு ஒரு சமாதானக்காரர்!

ஒரு பக்கம் மட்டும் சுற்ற வேண்டிய ஹைட்ராலிக் பம்பை மோட்டார் வயரை மாற்றிக் கொடுத்துத் தலைகீழாகச் சுற்றிப் பாருங்கள். வேண்டாம், பார்க்காதீர்கள்! ஆயில் சீல் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். எது சக்‌ஷன் என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன். ஒரே பக்கம் சுற்றும் பம்புகளில் வழக்கமாகப் பெரிய ஓட்டைதான் சக்‌ஷன்!

பல் கோக்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் மாட்டிக்கொள்கிறது. எண்ணெயோ அமுங்காத ஜென்மம். நசுக்கினால் சத்தம், அதிர்வு! தீர்வு? பக்கத் தட்டில் வெட்டிய ஒரு சின்னப் பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்து யாரோ கீறிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பம்பின் நிம்மதியே அதில்தான் இருக்கிறது!

கடைசிக்கு முந்தியதாக ஒரு கச்சேரி! 12 பல், 1,500 ஆர்.பி.எம். என்றால், விநாடிக்கு 300 துடிப்பு. 300 ஹெர்ட்ஸ்! ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை ஷட்ஜம் சுமார் 294. இந்த பம்ப் ஓடும் ஹைட்ராலிக் பவர்பேக் பக்கத்தில் நின்று காது கொடுங்கள். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஏறக்குறைய இரண்டு கட்டை ஸ்ருதியில் யாரோ தம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்!

அந்த ஸ்ருதி ஒரு நாள் திடீரென்று கரகரத்தால், முதலில் பம்பைத் திட்டாதீர்கள். டேங்கில் எண்ணெய் குறைந்திருக்கிறதா, சக்‌ஷன் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, குழாய் மூட்டில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். கெப்ளர் காலத்திலிருந்து இன்றுவரை உள்ளே சுற்றும் சக்கரம் 2, வால்வு 0. கோளாறு பெரும்பாலும் வெளியில்தான்!